சுங்கவாசலில் நாலு தோல்வி: இரண்டு மேசைகள் பகிர்ந்துகொண்ட ஒரு கற்பனை உலகம்

பின்னணி

2024 ஜூன் முதல் டிசம்பர் வரை செங்கோட்டையில் ஒரு குழுவும் மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்துப் புனலூரில் ஒரு குழுவும் ஒரே கற்பனை உலகத்துக்குள் டேபிள்டாப் ரோல்பிளேயிங் ஆடினோம். இந்த ஆட்டம் பழக்கமில்லாதவர்களுக்கு ஒரு வரி: ஒருவர் கேம் மாஸ்டராக இருந்து கதைச்சூழலைச் சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரத்தை எடுத்துக்கொண்டு என்ன செய்கிறோம் என்று சொல்வார்கள், முடியுமா முடியாதா என்ற சந்தேகம் வரும் இடத்தில் பகடை தீர்ப்பு சொல்லும். 1974-ல் அமெரிக்காவில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் அச்சில் வந்ததிலிருந்து ஓடிக்கொண்டிருக்கிற வழக்கம்.

எங்கள் மேசையில் ஆடுபவர்கள் ஆறு பேர், புனலூர் மேசையில் ஐந்து பேர், இவர்களைத் தவிர மேசைக்கொரு கேம் மாஸ்டர். செங்கோட்டை மேசையின் கேம் மாஸ்டர் நான். செங்கோட்டையை ஒட்டிய பிரானூரில் ஒரு மர அறுவை மில்லின் மாடி அறையில் ஞாயிறு மதியம் உட்காருவோம். கீழே மில் ஓடாது, ஆனாலும் சாயா டம்ளரில் மரத்தூள் மிதக்கும். மேற்கே இருந்து வருகிறவர்கள் ரயிலைப் பிடித்து வந்துவிட்டு மாலை வண்டியில் திரும்புவார்கள்.

விதிகளுக்கு டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் ஐந்தாம் பதிப்பின் அடிப்படைத் தொகுப்பை எடுத்தோம். 2023 ஜனவரியில் அது கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் விடப்பட்டதால், மூலத்தைக் குறிப்பிட்டால் போதும், தமிழாக்கி அச்சடித்துக்கொள்ளலாம். கேரக்டர் ஷீட், அதாவது பாத்திரத்தின் விவரங்களை எழுதிவைக்கும் தாள், தமிழில் வேண்டும் என்பதுதான் எங்கள் ஒரே பிடிவாதம். வலு, சுறுசுறுப்பு, தாங்குதிறன், அறிவு, விவேகம், வசீகரம் என்று ஆறு குணங்களுக்குப் பெயர் வைக்கவே இரண்டு ஞாயிறு போனது.

உலகத்துக்கான வித்து வாசலிலேயே இருந்தது. பிரானூரை இன்றும் "பார்டர்" என்றுதான் சொல்கிறோம், பஸ் கண்டக்டரும் அப்படித்தான் கூவுவார். ஆனால் அங்கே எல்லை எதுவும் இல்லை. 1956 நவம்பர் 1-க்கு முன்பு செங்கோட்டை திருவிதாங்கூர்ப் பக்கம் இருந்தபோது எல்லை அங்கே இருந்தது, அப்புறம் எல்லை புளியரை தாண்டி மலைக்குப் போய்விட்டது, பெயர் மட்டும் பரோட்டாக் கடை வாசலில் நின்றுவிட்டது. எல்லை நகர்ந்துபோன ஒரு ஊர். இதை வைத்துத்தான் "காற்றுவாசல்" என்ற கணவாய் நாட்டை எழுதினோம். மேற்கே எப்போதும் மழை, கிழக்கே வறட்சி, நடுவில் ஒரு சுங்கவாசல், அந்த வாசல் பத்து வருஷத்துக்கு ஒரு தடவை தானாக இடம் மாறும். கழுதுருட்டியில் இருக்கும் பதிமூன்று கண் ரயில் பாலம் எங்கள் உலகத்தில் யாரோ பூதம் கட்டிவிட்டுப் போன பாலமானது. ஆரியங்காவுக் கணவாய் வழியாகப் புகுந்து வருகிற தென்மேற்குக் காற்றுதான் குற்றாலச் சாரலைக் கொண்டுவருகிறது, அந்தக் காற்று எங்கள் உலகத்தில் வரி கேட்கும் ஒரு ஜந்து.

பகடையை உருட்டும் முன்பே 43 பக்கம்

ஆசையில் எழுதிக் குவித்துவிட்டோம். பொது ஆவணம் ஒன்றை இணையத்தில் திறந்து பதின்மூன்று பேரும் எழுதலாம் என்று விட்டோம். ஜூன் கடைசியில் அது 43 பக்கம். ஒரு பாத்திரம் எங்கிருந்து வருகிறது என்பதற்கு மட்டும் 19 தேர்வுகள். ஆடப்போவது பதினோரு பேர், தேர்வு பத்தொன்பது. அப்போதே யாராவது சிரித்திருக்க வேண்டும்.

ஒவ்வொரு தேர்வுக்கும் ஒரு சாதகமும் ஒரு குறையும் வைத்தோம், தராசு சரியாக நிற்கட்டும் என்று. ஷீட்டின் மேலே அந்தக் கட்டத்துக்குக் "குலம்" என்று தலைப்பு போட்டோம். காவியம் மாதிரி ஒலிக்கிறது என்று எல்லோருக்கும் பிடித்திருந்தது. பெயர், குலம், தொழில், வயது. பள்ளிக்கூட அட்மிஷன் பாரம் மாதிரி இருக்கிறதே என்று எனக்குத் தோன்றவேயில்லை.

உடைந்த பாலத்தில் நடந்த யானை

முதலில் வந்தது வேறு சிக்கல், அதையும் பதிவு செய்கிறேன். ஜூலையில் எங்கள் மேசை ஒரு சண்டையில் பூதப் பாலத்தின் மூன்றாம் கண்ணை இடித்துத் தள்ளியது. அடுத்த ஞாயிறு புனலூர் மேசை அதே பாலத்தின் மேல் ஒரு யானையை நடத்திக்கொண்டு போனது. இரண்டுமே நல்ல ஆட்டம், இரண்டு பக்கமும் விட்டுக்கொடுக்கவில்லை. வாட்ஸப்பில் மூன்று நாள் வாக்குவாதம், "ஆவணத்தில் பாலம் முழுசாத்தானே இருக்கு" என்று ஒரு பக்கம், "நாங்க முதல்ல ஆடினோம்" என்று இன்னொரு பக்கம்.

எடுத்த முடிவு: மேசையில் ஆடியது மட்டும்தான் நடந்தது. ஆவணத்தில் இருப்பதெல்லாம் ஊர்ப்பேச்சு, யாரோ யாரிடமோ சொன்னது, பொய்யாகவும் இருக்கலாம். இதனால் எழுதியவருக்கும் மனக்கஷ்டம் இல்லை, அவர் எழுதியதை யாரும் அழிக்கவில்லை, அது வதந்தியாக உலகத்துக்குள்ளேயே இருக்கிறது. கூடவே ஒரு பழைய வழக்கத்தையும் எடுத்துக்கொண்டோம்: வெளியே ஒரு வாரம் போனால் உள்ளேயும் ஒரு வாரம். ஒவ்வொரு ஆட்டமும் முடிந்ததும் கணக்கு நோட்டில் மூன்றே வரி எழுதி அதைப் போட்டோ எடுத்து மற்ற மேசைக்கு அனுப்ப வேண்டும். மூன்று வரிக்கு மேல் எழுதினால் யாரும் படிப்பதில்லை, சோதித்துப் பார்த்தாயிற்று. யானை எப்படிப் போனது? மூன்றாம் கண்ணில் பனைமரம் போட்டுக் கடந்தது என்று புனலூர்க்காரர்கள் பின்னர் ஒத்துக்கொண்டார்கள்.

பறக்கும் தேர்வு ஒன்றும் தொல்லை கொடுத்தது. "பருந்துக்காலர்" முதல் நிலையிலிருந்தே பறக்கலாம் என்று எழுதியிருந்தோம், ஒரு மாலை முழுக்க ஓட வேண்டிய பள்ளத்தாக்கை ஒருவர் ஒரே முறையில் தாண்டிவிட்டார். காற்று அடிக்கும் திசையில் மட்டும் மிதக்கலாம் என்று மாற்றினோம். சாரல் மாதங்களில் காற்று கிழக்கே போகும், ஆகவே கிழக்கே போகலாம், திரும்ப நடந்துதான் வர வேண்டும். பத்து நிமிஷ வேலை.

ஆகஸ்ட்: சுங்கவாசல்

பத்தொன்பதில் ஒன்று "அக்கரையார்". எழுதியது நான். அழிந்துபோன ஒரு தீவிலிருந்து கப்பலேறி வந்து, மேற்குச் சரிவில் மரத்தில் பால் வடித்துப் பிழைப்பவர்கள். விதி இப்படி இருந்தது: "சொந்த மண் இல்லாதவர்கள். காவலர், அதிகாரி, வணிகர் யாரிடம் பேசினாலும் பாதகம். விஷத்துக்கு எதிராகச் சாதகம்."

பாதகம் என்றால் இருபது முகப் பகடையை இரண்டு தடவை உருட்டி, சின்ன எண்ணை எடுத்துக்கொள்ள வேண்டும்.

எங்கள் மேசையில் குளத்துப்புழைப் பக்கத்திலிருந்து வருகிற ஒரு இளம்பெண் அதைத் தேர்ந்தெடுத்தார். அவருடைய தாத்தா, பாட்டி இலங்கை மலையகத்திலிருந்து வந்தவர்கள். 1948-ன் குடியுரிமைச் சட்டத்தால் அங்கே நாடற்றவர்களாகி, 1964-ன் சிறிமாவோ–சாஸ்திரி ஒப்பந்தப்படி இந்தப் பக்கம் அனுப்பப்பட்ட லட்சக்கணக்கானவர்களில் சிலர். அப்படி வந்தவர்களைக் குடியமர்த்தவே 1970-களில் புனலூர், குளத்துப்புழை வட்டாரத்தில் அரசு ரப்பர்த் தோட்டங்கள் போடப்பட்டன. இதெல்லாம் எனக்குப் பொதுவாகத் தெரியும். அவர் வீடு அந்த வீடு என்பது தெரியாது, கேட்டதும் இல்லை. தீவு, கப்பல், மரத்துப்பால் என்று மூன்றையும் வரிசையாக எழுதிவிட்டு இது என் கற்பனை என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஆகஸ்ட் இரண்டாம் ஞாயிறு குழு சுங்கவாசலைக் கடக்க வேண்டும். பேச்சில் அவர் பாத்திரத்துக்கு +2, பகடையில் விழுவதோடு அதையும் கூட்டி எட்ட வேண்டிய எண் 12. அதாவது பகடையில் 10 அல்லது மேலே விழ வேண்டும். நாலு தடவை முயன்றார், நாலும் தோல்வி. முதலில் காவலர், அப்புறம் கணக்கர், அப்புறம் தண்ணீர் விற்பவர், திரும்பவும் காவலர். மூன்றாவது உருட்டலில் 17 விழுந்தது, மேசையே கத்தியது, இரண்டாவது பகடை 3. அவர் அந்த 17-ஐ விரலால் மெதுவாக ஓரம் தள்ளிவைத்தது எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது. நாலாவது முடிந்ததும் சிரித்துக்கொண்டே சொன்னார்: "பரவாயில்லண்ணா, எங்க தாத்தாவும் மண்டபம் கேம்புல இப்படித்தான் நின்னாராம்."

யாரும் ஒன்றும் சொல்லவில்லை. நான் அடுத்த காட்சிக்குப் போய்விட்டேன்.

மேசை நடுவில் எக்ஸ் என்று எழுதிய ஒரு அட்டை இருந்தது. யாருக்காவது சங்கடமாக இருந்தால் தொட்டால் போதும், காரணம் கேட்காமல் காட்சியை மாற்றுவோம் என்று முதல் நாளே சொல்லியிருந்தோம். ஆறு மாதமும் அது தொடப்படாமலே இருந்தது, ஒரு கட்டத்தில் வடைத்தட்டுக்கு அடியில் போய்விட்டது.

அடுத்த இரண்டு வாரம் அவர் வரவில்லை. ரயில் தாமதம் என்று நாங்களே ஒரு காரணத்தைக் கற்பித்துக்கொண்டோம். மூன்றாம் வாரம் நான் செய்தி அனுப்பியதும் பதில் வந்தது: "ஆட்டம் பிடிச்சிருக்குண்ணா. ஆனா ஞாயித்துக்கிழமையும் அதே க்யூவுல நிக்கணுமா?"

கணக்குப் பார்த்தது

முதலில் செய்தது கணக்கு. மன்னிப்புக் கேட்பதற்கு முன்னால் கணக்குப் பார்த்தேன் என்று சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, ஆனால் வரிசை அதுதான்.

10 அல்லது மேலே விழ வாய்ப்பு 55 சதவீதம். பாதகத்தில் இரண்டு பகடையும் தாண்ட வேண்டும், ஆகவே 30 சதவீதம்தான். பாதகம் இல்லாமல் நாலு தடவையும் தோற்க வாய்ப்பு சுமார் 4 சதவீதம், பாதகத்தோடு சுமார் 24 சதவீதம். அன்றைக்கு நடந்ததை "அவளுக்கு அன்னிக்கு ராசியில்ல" என்று பேசிக்கொண்டிருந்தோம். ராசி இல்லை, நான் எழுதிய விதி சொன்னபடி வேலை செய்திருக்கிறது. நோட்டை எடுத்து எண்ணினேன்: அதுவரை ஆறு ஆட்டத்தில் அவர் பாத்திரத்துக்குப் பேச்சுச் சோதனை 23 தடவை, விஷம் ஒரே ஒரு தடவை. தராசு சமம் என்று நாங்கள் வைத்தது எண்ணிக்கை தெரியாமல் வைத்தது. ஒரு குறை எத்தனை கனம் என்பது அது மேசையில் எத்தனை தடவை வரும் என்பதில்தான் இருக்கிறது. எங்கள் உலகமே ஒரு சுங்கவாசலைச் சுற்றி இருக்கும்போது பேச்சில் பாதகம் என்றால், அந்த ஆளை ஆட்டத்திலிருந்து பாதி வெளியே நிறுத்துவதற்குச் சமம்.

அப்புறம் பேசினேன், ஆரியங்காவு வரை போய் நேரில். மன்னிப்புக் கேட்டேன், அக்கரையாரை மொத்தமாகத் தூக்கிவிடுகிறேன் என்றும் சொன்னேன். அவர் வேண்டாம் என்றார், கொஞ்சம் கோபமாகவே. அந்தத் தேர்வைத் தேடி எடுத்ததே அவர்தான், அதை நீக்கினால் எடுத்ததே தப்பு என்று ஆகிவிடுமாம். அவர் கேட்டது வேறு. "கோளாறு கேட்டுல இருக்கு. அதை ஏன் என் ஷீட்டுல எழுதியிருக்கீங்க?"

இந்த ஒரு கேள்விதான் பின்னால் வந்த மாற்றங்கள் எல்லாவற்றுக்கும் ஆரம்பம்.

முடிவுகளும் எதிர்ப்பும்

செப்டம்பர் முதல் ஞாயிறு ஆடாமல் உட்கார்ந்து பேசினோம். எங்களில் மூத்தவர், மில் கணக்குப் பார்க்கும் அண்ணாச்சி, ஒத்துக்கொள்ளவில்லை. "குறையில்லாத ஆளை வெச்சு என்னலே கதை? கர்ணனுக்குச் சாபம் இல்லேன்னா அவன் வெறும் வில்லுக்காரன்" என்றார். அவர் சொன்னதில் நியாயம் இருந்தது, இன்றும் இருக்கிறது என்றுதான் நினைக்கிறேன். துன்பத்தை எல்லாம் துடைத்துவிட்டால் மிஞ்சுவது உலகம் அல்ல, பொருட்காட்சி. ஆனால் கர்ணனுக்குச் சாபம் கொடுத்தவர் யார் என்று கதையில் தெரியும், எங்கள் ஷீட்டில் அது பிறவிக்குணம் மாதிரி எழுதப்பட்டிருந்தது. இதைச் சொன்னதும் அண்ணாச்சி கொஞ்சநேரம் யோசித்துவிட்டு, "அப்ப சாபத்தை வாசல்ல எழுது" என்றார்.

அப்படியே செய்தோம். சுங்கவாசலுக்கு என்று தனி விதி எழுதினோம்: முத்திரை ஓலை இல்லாத எவர் பேசினாலும் பாதகம், அரசகுமாரனாக இருந்தாலும். அந்த வாசலை லஞ்சத்தால் தாண்டலாம், இரவில் தாண்டலாம், இடித்தும் தாண்டலாம். இடம் நகரும்போது விதியும் நகரும். ஆளுக்குள் இருந்த தடை இடத்துக்குப் போனதும் அது ஆடக்கூடிய பொருளாகிவிட்டது, எல்லோரும் சேர்ந்து அதை என்ன செய்வது என்று திட்டம் போட ஆரம்பித்தார்கள்.

அக்கரையாருக்குப் பாதகம் போய்க் "கப்பல் உறவு" வந்தது. ஒரு ஆட்டத்தில் ஒரு தடவை, எந்த ஊரிலும், "என் குடும்பம் வந்த அதே கப்பலில் வந்தவர் இங்கே ஒருவர் இருக்கிறார்" என்று ஆடுபவர் சொல்லலாம். அவர் யார், என்ன வேலையில் இருக்கிறார் என்பதை ஆடுபவர் முடிவு செய்வார், அவருக்கு என்ன கஷ்டம் என்பதைக் கேம் மாஸ்டர் முடிவு செய்வார். பெயர் வைத்தது அந்தப் பெண்தான்.

மற்றத் தேர்வுகளையும் அதே அளவுகோலில் பிடித்தோம், 19-ல் எட்டு நின்றது. எந்தத் தேர்விலும் குணத்துக்கு எண் கூடுவதோ குறைவதோ கிடையாது, எண்களை ஆடுபவரே விருப்பப்படி பிரித்துக்கொள்வார். ஒவ்வொன்றுக்கும் மூன்று வரி மட்டும்: உனக்குத் தெரிந்து மற்றவருக்குத் தெரியாதது என்ன, உன்னைப் பார்த்தால் யாருக்கு அடையாளம் தெரியும், உங்கள் ஆட்களே தங்களுக்குள் சண்டைபோடும் விஷயம் என்ன. மூன்றாவதுதான் முக்கியம் என்று எனக்குப் படுகிறது. ஒரு கூட்டத்தாருக்குள்ளேயே கருத்து வேறுபாடு இருக்கிறது என்று எழுதிவிட்டால், அப்புறம் "அவங்க எல்லாம் இப்படித்தான்" என்று அவர்களை ஒரே வரியில் முடிக்க முடியாது. குறை வேண்டும் என்பவர் தன் குறையைத் தானே எழுதிக்கொள்ளலாம், அது மேசையில் வந்து உதைக்கும்போது கேம் மாஸ்டர் ஒரு மறுஉருட்டல் தருவார். அண்ணாச்சி தன் வீரனுக்கு "கணக்கில் பொய் சொல்ல வராது" என்று எழுதினார்.

"குலம்" என்ற தலைப்பு போய் "வந்த வழி" ஆனது.

அதே செப்டம்பரில் டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் புதிய பதிப்பும் வந்தது. அதிலும் குண எண்களைப் பிறப்பிலிருந்து எடுத்துவிட்டுப் பாத்திரத்தின் முன்வாழ்க்கைக்கு மாற்றியிருந்தார்கள். பாருங்கள், நாமும் சரியான பாதையில்தான் போகிறோம் என்று குழுவில் ஒருவர் மகிழ்ந்தார். எனக்கு அவ்வளவு திருப்தி இல்லை. எங்கள் அக்கரையார் பிறப்பு அல்ல, முன்வாழ்க்கைதான். எண்ணை அந்தக் கட்டத்திலிருந்து இந்தக் கட்டத்துக்கு நகர்த்தியிருந்தால் அவர் சுங்கவாசலில் அதே மாதிரித்தான் நின்றிருப்பார்.

பிறகு

ஓணம் முடிந்த அடுத்த வாரம் அவர் திரும்ப வந்தார், அதே பாத்திரம், அதே பெயர். அக்டோபரில் குழு மறுபடி சுங்கவாசலுக்குப் போனது. கப்பல் உறவைப் பயன்படுத்தினார்: வாசலுக்குள் ஓலை எண்ணுகிற ஒரு கிழக் கணக்கர், தன் பாத்திரத்தின் பாட்டியோடு ஒரே பாயில் உட்கார்ந்து கடல் கடந்தவர். கணக்கருக்கு என்ன கஷ்டம் என்று என் பங்கைச் சொன்னேன்: தான் அக்கரையான் என்பதை முப்பது வருஷமாக அங்கே யாரிடமும் சொன்னதில்லை. காட்சி நாற்பது நிமிஷம் ஓடியது, பகடை ஒரே தடவைதான் உருண்டது, அதிலும் 4 விழுந்து தோற்றார். யாருக்கும் கவலை இல்லை. அன்று இரவு கணக்கரும் குழுவோடு சுவரேறிக் குதித்தார்.

எல்லாமே சரியாகிவிடவில்லை. எண்களைக் கூட்டிக் கழித்துப் பாத்திரம் கட்டுவதில் ருசி உள்ள ஒருவர், இனி எட்டுத் தேர்வுக்கும் வித்தியாசமே இல்லை என்று நவம்பரில் விலகினார். அவர் சொன்னது பாதி உண்மை. மூன்று வரியில் ஆட்டத்தன்மை குறைவான இரண்டு தேர்வுகளை இன்னும் யாரும் எடுக்கவில்லை. வாசல் விதியை ஆளுக்குள் இருந்து பிடுங்கியதால், வாசலே வராத ஆட்டங்களில் அக்கரையார் கொஞ்சம் கூடுதல் பலம் என்றும் புனலூர் மேசை சொல்கிறது. கப்பல் உறவு எதையும் திறந்துவிடுகிறதாம்.

திரும்பச் செய்தால்

நாலே தேர்வோடு ஆரம்பிப்பேன், மற்றது ஆடி ஆடி வரட்டும். எழுதிய தேர்வை அச்சடிக்கும் முன் மேசையில் சத்தமாக வாசிப்பேன், நானல்ல, எழுதாத ஒருவர். "பால் வடித்துப் பிழைப்பவர்கள், சொந்த மண் இல்லாதவர்கள்" என்று அண்ணாச்சி குரலில் ஒரு தடவை கேட்டிருந்தால் அப்போதே எனக்குக் காது சுட்டிருக்கும்.

அந்த அட்டை விஷயம். அது நல்ல ஏற்பாடுதான், ஆனால் வயதில் மூத்தவர்கள் நாலு பேர் சுற்றி உட்கார்ந்திருக்கும் மேசையில் இருபத்திரண்டு வயதுப் பெண் கையை நீட்டி ஆட்டத்தை நிறுத்துவார் என்று எதிர்பார்த்தது எங்கள் அசட்டுத்தனம். முதல் நாள் "யாருக்காவது எதாவது வேண்டாமா?" என்று பொதுவாகக் கேட்டதும் அதே ரகம், எல்லோரும் தலையாட்டினார்கள். இப்போது இடைவேளையில் சாயா வாங்க நான் ஆளுக்கொருவரை மாறி மாறிக் கூட்டிக்கொண்டு கடைக்குப் போகிறேன். நடக்கும்போது பேச்சு வருகிறது, சில சமயம் ஆட்டத்தைப் பற்றியும் வருகிறது.

ஒரு வேலை இன்னும் பாக்கி. பழைய ஷீட்டை ஜூனில் நூறு பிரதி ஜெராக்ஸ் எடுத்துப் பாதியைப் புனலூருக்குக் கொடுத்திருந்தோம், டிசம்பரில் புதிதாகச் சேர்ந்த ஒருவர் அங்கிருந்து வந்தபோது கையில் "குலம்: ______" என்ற தாள்தான் இருந்தது. அந்தக் கோட்டில் அவர் "தெரியாது" என்று எழுதியிருந்தார். மேலே ஒட்டுவதற்குப் பேப்பர்த் துண்டு வெட்டி அனுப்பியிருக்கிறோம், மீதி முப்பது சொச்சம் தாள் எங்கே இருக்கிறது என்று தேடிக்கொண்டிருக்கிறார்கள்.